தாமதப் பதிவேடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்கிற ஆள் நான்.
ஒஹாயோவின் வடகிழக்கு மூலை, அரசு அலுவலகம்,
இரண்டாம் மாடி, ஜன்னல் எட்டாத மேசை.

விண்ணப்பம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மின்கலத் தொழிற்சாலை. எழுநூறு வேலை.
லாரிகள் வளைந்து திரும்ப ஒரு தார்த்தளம்.
தளத்துக்கு அடியில் போகவிருப்பவை
மூன்று குட்டைகள், அவற்றைக் கோக்கும் ஓர் ஓடுகால்.
வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை,
எண் உண்டு: ஓ-7.

ஆலோசகர் லெமுவேல் ஹாஸ்டெட்லர் நேர்மையான மனிதர்.
ஆகஸ்டில் போனார், ஆகஸ்டில் கண்டதை எழுதினார்:
நீரோட்டம் இல்லை. படுகையில் உலர்ந்த இலைகள்.
ஓடை அல்ல.

நானும் போனேன், அக்டோபரில்.
துளைக்கருவியை முழங்கை ஆழம் இறக்கினேன்.
சாம்பல் மண். அதில் துருநிற மயிரிழைகள்.
தண்ணீர் வந்து தங்கிப் போனதற்கு
மண் போட்டுத்தரும் கையெழுத்து.
தங்கியது என்று எழுதலாம்.
ஓடியது என்று எழுத
ஓடும்போது பார்த்த ஆள் வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளியின் கூடைப்பந்துத் தளத்தில்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
அலோய்ஷியஸ் பெட்ராக் என்ற வெல்டர்
பேசவே இல்லை. மூடிப்போன உருக்காலையின்
அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி
மூன்று நிமிடமும் ஒலிவாங்கி முன் நின்றார்.
யாரும் இருமக்கூட இல்லை.

அடுத்து வில்லடீன் க்ரோ,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர், தடம் ஒன்பது.
"நான் எந்தக் கட்சியும் இல்லை.
என் மகனுக்கும் அங்கே வேலை வேண்டும்.
ஆனால் இல்லாத ஓடையால்
பதினாலு வருஷமாக எனக்குத் தாமதமாகிறது,
அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்."

கொண்டுவந்திருந்தாள், பதிவேட்டை.

மார்ச் 29. பதினாறு நிமிடம். சாலையில் தண்ணீர்.
ஏப்ரல் 3. பத்து நிமிடம். சாலமாண்டர்கள்.
ஏப்ரல் 4. எட்டு நிமிடம். மறுபடி அவையே.
பிள்ளைகள் இறங்கி எண்ணின. இருநூற்று ஆறு.
மஞ்சள் புள்ளி போட்டவை. ஒன்றும் நசுங்கவில்லை.
ஒரு வருஷத்துக்கு நேரே: மழையில்லை. தாமதமில்லை.

சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்று பயந்தவள்
உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.
இணைப்பு முப்பத்தொன்று என்று கோப்பில் சேர்த்தேன்.
ஓ-7 ஓடையாயிற்று.

ஓடையானதும் அதற்கு விலை வந்தது.

அதுவரை சும்மா அழிந்திருக்கும்;
இனிப் பணம் கட்டி அழியும், அவ்வளவுதான்.
நாற்பது மைல் தள்ளி ஒரு சோயா வயலை
நனைத்துச் சதுப்பாக்கி வைத்திருந்தவர்களிடம்
நிறுவனம் ஈடு வாங்கியது. ரசீது ஒழுங்காக இருந்தது.
ஒரு குட்டை தப்பியது. இரண்டு போயின.
கையெழுத்து என்னுடையது.

நிபந்தனை பதினேழு மட்டும் என் சொந்த வாக்கியம்:
மார்ச் பதினைந்திலிருந்து ஏப்ரல் முடிய, மழை இரவுகளில்,
உயிரினங்கள் சாலை கடக்கும்வரை லாரிகள் நிற்க வேண்டும்.
கடக்கும்வரை என்றால் எவ்வளவு நேரம் என்றார் வழக்கறிஞர்.
வில்லடீனின் பதினாலு வருஷத்தைக் கூட்டி வகுத்தேன்.
பதினொரு நிமிடம்.
அதற்குமேல் ஒரு நொடியும் கிடைக்கவில்லை.

முதல் வசந்தம். முதல் நல்ல மழை.
வாயிற்கூண்டில் காவலுக்கு வில்லடீனின் மகன், ட்ரெல்.
ஏழு லாரிகள் இஞ்சினை அணைத்து நின்றன.
வந்தன.
சில மீதிக் குட்டைப் பக்கம் திரும்பின.
பல பழைய வழியே போய்
விளக்குக் கம்பத்தடியில், தாரின்மேல்,
தலை தூக்கி நின்றன.

ட்ரெல் தலைக்கவசத்தைக் கழற்றினான்.
கைப்பிடி கைப்பிடியாக அதில் அள்ளிக்கொண்டு
இருட்டுக்குள் போனான், திரும்பி வந்தான், போனான்.
முதல் லாரிக்காரன் ஒருமுறை ஹார்ன் அடித்தான்,
பிறகு அவனும் இறங்கினான்.

காலையில் வாயிற்கூண்டுப் பதிவேட்டைப் பார்த்தேன்,
மீறல் இருந்தால் குறிக்க வேண்டியது என் வேலை.
தாமதம்: முப்பத்தெட்டு நிமிடம்.
காரணம்: இன்னும் வந்துகொண்டிருந்தன.